கேட் வேலப்பனும் கேன் வரிசையும்

வேலப்பன் அண்ணனைப் பார்ப்பதற்கு முன்னால் அவருடைய குரலைத்தான் கேட்டேன். பதினாறு வருஷம் ஆகிறது. கல்யாணமாகி உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்த மூன்றாம் நாள். மணலியைத் தாண்டி எண்ணூர் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் என் வீட்டுக்காரர் வைத்திருந்த கடையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். எதிரே கன்டெய்னர் யார்டின் கேட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. யாரையோ வெட்டுகிறார்கள் என்று பயந்து எழுந்துவிட்டேன்.

"உக்காரு ராமசெல்வி, வேலப்பன் டோக்கன் குடுக்காரு" என்றார் என் வீட்டுக்காரர்.

கப்பலிலிருந்து இறங்கிய பெட்டிகளையும் கப்பலில் ஏறப்போகிற பெட்டிகளையும் கொஞ்ச நாள் வைத்திருக்கும் இடம்தான் யார்டு. ஒரு நாளைக்கு நூறு டிரெய்லருக்குக் குறையாமல் வரும். ஒவ்வொரு வண்டிக்கும் பேப்பர் பார்த்து, பெட்டியின் சீலைப் பார்த்து, டோக்கன் கொடுத்து உள்ளே விட ஏழெட்டு நிமிஷமாகும். எந்த வண்டி முதலில் வந்தது, எது அடுத்தது என்பதெல்லாம் வேலப்பன் அண்ணனின் தலைக்குள் மட்டும்தான் இருக்கும். டிரைவர்களுக்கு அந்தத் தலையின் மேல் நம்பிக்கை கிடையாது. அதனால் வண்டியை ரோட்டோரம் விட்டுவிட்டு, பேப்பரை ஆட்டிக்கொண்டு, அவருடைய ஜன்னலை மொய்த்து நிற்பார்கள். நான்தான் முன்னே, நீ எப்போது வந்தாய், உன் வண்டி எங்கே என்று நாற்பது பேர் கத்துவார்கள். நாற்பது பேரையும் மீறி ஒரே ஆள் கத்துவார். அவர்தான் அண்ணன்.

கத்துகிற ஆள் என்றால் கெட்ட ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. காலையில் யாரை வாய்க்கு வந்தபடி திட்டினாரோ, மத்தியானம் அவனைத் தோளில் கைபோட்டு என் கடைக்குக் கூட்டிவந்து பஜ்ஜி வாங்கித் தருவார். நாக்பூரிலிருந்து நாலு நாள் ஓட்டிக்கொண்டு வந்தவனுக்கு உடைந்த இந்தியிலும், நெல்லூர்க்காரனுக்குத் தெலுங்கிலும் ஆறுதல் சொல்வார். பத்தொன்பது வருஷமாக அந்த ஜன்னல்தான் அவருக்கு எல்லாம். லீவு போட்டால்கூட சாயங்காலம் வந்து கேட்டை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார். எனக்கே அதைப் பார்த்தால் எரிச்சலாக வரும். வீட்டில் பெண்டாட்டி இருக்கிறாளா இல்லையா என்று கேட்டுக்கூட இருக்கிறேன்.

போன சித்திரைக் கடைசியில் யார்டுக்குப் புது மேனேஜர் வந்தார். வந்த கையோடு எல்லோருக்கும் உடம்புப் பரிசோதனை என்றார். டெபோரா என்று ஒரு டாக்டர் அம்மா, கேட்டை ஒட்டிய டைம் ஆபீஸ் அறையில் மேஜை போட்டு உட்கார்ந்தார். அண்ணன் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தத்தைப் பார்த்தார். நூற்று எழுபத்தெட்டுக்கு நூற்றெட்டு.

"இன்னா டாக்டரம்மா, நெறிய கீதே. நல்லதுதான?" என்று கேட்டிருக்கிறார், பரீட்சை மார்க்கைக் கேட்கிற மாதிரி.

"தலை வலிக்குதா? மயக்கம், பார்வை மங்குறது, ஏதாவது இருக்கா?"

"ஒன்னியுமில்லம்மா. கல்லு மாதிரி கீறேன்."

"அதான் இதுல உள்ள வம்பு. ஒண்ணும் தெரியாது. ஆனா உள்ள மூளை, கண்ணு, கிட்னி எல்லாத்தையும் கெடுத்துக்கிட்டே இருக்கும்."

வண்டிகள் ஓடும் இடத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு மேல் எண் நூற்றைம்பதுக்குள்ளும் கீழ் எண் தொண்ணூறுக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது மேனேஜர் போட்ட விதி. அண்ணனுக்கு மூன்று மாசம் தவணை. இறங்காவிட்டால் உள்ளே பழைய பேப்பர் அடுக்கி வைக்கிற அறைக்கு மாற்றிவிடுவார்கள். சம்பளம் குறையாது. ஆனால் அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது, பேச ஒரு ஆள் கிடையாது. நாள் முழுக்க அட்டைப்பெட்டிகளோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அண்ணன் முகம் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சுருங்கிப் பார்த்தேன்.

"ஆளில்லாத ரூம்ல என்னெ குந்த வெச்சா ஒரே வாரத்துல செத்துப் பூடுவேன் ராமசெல்வி" என்றார்.

அடுத்து அவர் செய்த காரியம் இருக்கிறதே, அதில் எனக்கும் பங்குண்டு. மறைக்க மாட்டேன்.

பிரஷர் என்றால் சூடு என்பது அவருடைய முடிவு. உடம்பு சூடாகி ரத்தம் பொங்குகிறது, குளிர்ச்சியாக எதையாவது ஊற்றினால் அடங்கிவிடும். இந்த ரோட்டில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். குளிர்ச்சிக்கு எங்கே போவது? என் கடை மோர்ப்பானைக்குத்தான். டிரைவர்கள் வெயிலில் வேர்த்து விறுவிறுத்து வருவார்கள் என்பதால் மோரில் உப்பைத் தாராளமாகவே போடுவேன். அண்ணன் டீயை விட்டார், மோரைப் பிடித்தார். ஒரு நாளைக்கு எட்டு டம்ளர். ஒவ்வொரு டம்ளருக்கும் ஒரு மோர்மிளகாய். மத்தியானச் சாப்பாட்டுக்கு நெத்திலிக் கருவாடும் எலுமிச்சை ஊறுகாயும் வழக்கம்போல. டாக்டர் அம்மா கொடுத்த மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் சட்டைப் பையில் இருந்தது.

"மாத்திரை போட்டியளா அண்ணே?" என்று கேட்டேன்.

"அத்த ஆரம்பிச்சா ஆயுசுக்கும் முயுங்கணுமாம்மே. எதுக்கு அந்தப் பேஜாரு? ஒன் மோரே போதும். இன்னும் ஒன்னு ஊத்து, உப்பு தூக்கலா."

ஊற்றினேன். பெருமையாக வேறு இருந்தது.

டெபோரா டாக்டர் வியாழக்கிழமைதோறும் யார்டுக்கு வருவார். மூன்றாம் வியாழக்கிழமை பார்த்தபோது நூற்று எண்பத்தாறுக்கு நூற்றுப் பன்னிரண்டு. டாக்டருக்கே தூக்கிவாரிப் போட்டுவிட்டது. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். அண்ணன் டீயை விட்டுவிட்டேன், மோர்தான் குடிக்கிறேன் என்று மார்தட்டிச் சொல்லி, எந்தக் கடை என்றும் கையைக் காட்டிவிட்டார். டாக்டர் விறுவிறுவென்று ரோட்டைத் தாண்டி என் கடைக்கு வந்தார். அண்ணன் பின்னாலேயே வந்தார். டாக்டர் ஒரு டம்ளர் மோர் கேட்டார், ஒரு வாய் குடித்தார், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இந்தப் பானைக்கு எவ்வளவு உப்பு போடுறீங்க?"

"ரெண்டு கை அள்ளிப் போடுவேன் டாக்டர். ஏன், நல்லாயில்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. இவர் எட்டு டம்ளர் குடிக்கிறாரு. பிரஷர் ஏறுறதுக்கு உப்பை விட வேற என்ன வேணும்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வெயில்ல வாரவங்களுக்கு உப்பு வேண்டாமா? இவ்வளவு வருஷமா இந்த ரோட்டுல எல்லாரும் இதைத்தான குடிக்காவ" என்றேன்.

"வெயில்ல வேர்த்து வர்றவங்க ஒரு டம்ளர் குடிச்சிட்டுப் போகட்டும். இவர் ஃபேனுக்குக் கீழே நிழல்ல உக்காந்திருக்காரு. வாயைத் தவிர இவர் உடம்புல எதுவும் அசையிறதில்ல."

அண்ணனே சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. மூன்று வாரமாக என் கையால் அல்லவா ஊற்றிக் கொடுத்திருக்கிறேன்.

மாத்திரை அட்டையைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்த டாக்டர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஆயுசுக்கும் முழுங்கணுமேன்னு மாத்திரையை விட்டீங்க. சோறும்தான் ஆயுசுக்கும் திங்கணும். அதை எப்ப விடப்போறீங்க?"

அண்ணன் அட்டையை வாங்கிப் பிரித்தார். என் கடைத் தண்ணீரில்தான் முதல் மாத்திரையைப் போட்டார். உப்பைக் குறைக்க வேண்டும், தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும், மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாக அந்த ஜன்னலில் பத்து மணி நேரம் கத்துவதை நிறுத்த வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே நான் இரண்டாவது பானை வாங்கினேன். இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, எலுமிச்சைத் தோல் எல்லாம் தட்டிப் போட்டு, உப்பில்லாத மோர். முதல் வாரம் ஒருத்தரும் சீந்தவில்லை. இப்போது அதற்குத்தான் கிராக்கி.

மற்றதெல்லாம் சரி, கத்தாமல் எப்படி இருப்பது? "வாய மூடிகினு குந்துனா இவனுங்க கேட்டையே பேத்துகினு பூடுவானுங்கோ" என்றார் அண்ணன். அதுவும் நியாயம்தான். கண்ணை மூடி மூச்சை இழுத்துவிடு என்று யாரோ சொல்லிக்கொடுத்ததை ஒரு நாள் ஜன்னலுக்குள்ளேயே செய்து பார்த்தார். கண்ணைத் திறந்தபோது ஜன்னல் வழியாக ஆறு கைகள் உள்ளே வந்து டோக்கன் கட்டைத் தேடிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் குப்பம்மா அக்கா வந்தார். அண்ணன் வீட்டம்மா. திருவொற்றியூரில் குடியிருப்பு. கருவாடு கட்டித் தராவிட்டால் ஆள் வெளியே வாங்கித் தின்றுவிடுவார் என்ற சந்தேகத்தில், சாப்பாட்டுத் தூக்கைத் தானே தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். இந்தக் குரலுக்கு ஏற்ற பெண்டாட்டியாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். ஒல்லியான உடம்பு, பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் கேட்கிற குரல். என் கடை பெஞ்சில் உட்கார்ந்து கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் அன்றைக்கும் நாற்பது பேர். அண்ணன் கழுத்து நரம்பு ரோட்டுக்கு இந்தப்பக்கம் வரை தெரிந்தது.

"இன்னாத்துக்கு இவங்கல்லாம் அங்க நிக்கிறாங்கோ?" என்று என்னைக் கேட்டார்.

"முறை போயிரும்னுதான்க்கா. ஜன்னல்ல நின்னாத்தான் முறை."

"ஆளு ஏன் நிக்கணும்? கொடம் நின்னா போதாதா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா பொறுமையாகச் சொன்னார். அவர்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி எப்போது வரும் என்று தெரியாது. நூறு வீடு. யாராவது காலையிலிருந்து நின்றுகொண்டிருக்க முடியுமா? காலையில் எழுந்ததும் அவரவர் குடத்தைக் கொண்டுபோய் வரிசையில் வைத்துவிடுவார்கள். பெயின்ட்டில் பேர் எழுதியிருக்கும், இல்லாவிட்டால் ஒரு துணி கட்டியிருக்கும். வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். லாரி வந்ததும் வந்து பிடித்துக்கொள்வார்கள். அடுத்தவர் குடத்தை யாராவது நகர்த்தினால், நகர்த்தியவர் குடம் கடைசிக்குப் போய்விடும். அந்தத் தெருவில் வரிசையைப் பார்த்துக்கொள்வது குப்பம்மா அக்காதான். இருபது வருஷமாக ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லையாம்.

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நாற்பது ஆம்பிளைகள் பத்தொன்பது வருஷமாகக் கத்திச் சாகிறார்களே, இவர்களில் ஒருத்தன்கூட வாழ்க்கையில் ஒரு குடம் தண்ணீர் பிடிக்க வரிசையில் நின்றதில்லையா? நின்றிருக்க மாட்டார்கள். அவர்கள் வீட்டுக் குடத்தையெல்லாம் பெண்கள்தான் வைத்திருப்பார்கள்.

அண்ணன் சாப்பிட வந்ததும் அக்கா சொன்னார். "ஒவ்வொரு வண்டியிலயும் தண்ணி கேன் வெச்சிருக்காங்க இல்ல? அத்த வாங்கி நம்பர் எய்தி வரிசையா வெய்யி. ஆளுங்கள வண்டிக்குப் போவச் சொல்லு."

"தே, இது லாரி கேட்டு, தண்ணி லாரி இல்ல. போய் ஒன் வேலயப் பாரு" என்றார் அண்ணன், உப்பில்லாத சாம்பாரை முகத்தைச் சுளித்து விழுங்கிக்கொண்டே. அக்கா தூக்கைக் கழுவி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

நாலு நாள் அண்ணன் வீம்பாக இருந்தார். ஐந்தாம் நாள் அவருடைய தொண்டையே காலை வாரிவிட்டது. திங்கட்கிழமை காலையில் வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. ஜன்னலில் ஐம்பது பேர். கத்த ஆள் இல்லை. என் கடைக்கு ஓடி வந்து சைகை காட்டினார். கேன் வரைவது போலக் கையால் வட்டம் போட்டார், எழுதுவது போல விரலை ஆட்டினார். நான் என் பையனின் பள்ளிக்கூட மார்க்கர் பேனாவை எடுத்துக்கொண்டு போனேன். "எல்லாரும் தண்ணி கேனைக் கொண்டாங்க, கேன் உள்ள வண்டிக்குத்தான் டோக்கன்" என்று அண்ணனுக்குப் பதிலாக நான் கத்தினேன். என் தொண்டையும் லேசுப்பட்டதில்லை.

முணுமுணுத்துக்கொண்டே கொண்டுவந்தார்கள். வெள்ளை கேன், நீலக் கேன், எண்ணெய் வந்த பழைய கேன், ஒருவன் தண்ணீர் பாட்டிலைக்கூட வைத்தான். வண்டி நம்பரை எழுதிச் சுவரோரமாக வரிசையாக நிறுத்தினோம். முதல் ஒரு மணி நேரம் எல்லோரும் அவரவர் கேனுக்குப் பக்கத்திலேயே காவல் நின்றார்கள். பிறகு ஒருவன் டீ குடிக்கப் போனான். திரும்பி வந்தபோது கேன் அங்கேயே இருந்தது, இரண்டு இடம் முன்னால் நகர்ந்தும் இருந்தது. அதைப் பார்த்து இன்னொருவன் குளிக்கப் போனான். மத்தியானத்துக்குள் பாதிப்பேர் வண்டிக்கு அடியில் துணி விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கே ஒரு தில்லுமுல்லும் நடந்தது. அஃப்ரித் என்று புளியந்தோப்புப் பையன், இருபத்தைந்து வயது டிரைவர், துறுதுறுவென்று இருப்பான். பதினெட்டாவது இடத்தில் இருந்த தன் கேனை ஆறாவது இடத்தில் நைசாகச் செருகிவிட்டான். அண்ணன் பார்த்துவிட்டார், கத்த வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. அதற்குள் மற்ற டிரைவர்களே அஃப்ரித்தைப் பிடித்துக்கொண்டார்கள். குடத்துக்கு அக்கா வைத்திருந்த சட்டத்தை நான் எடுத்துச் சொன்னேன். கேனைத் தூக்கிக் கடைசியில், நாற்பத்தேழாவதாக வைத்தார்கள். அவன் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் உள்ளே போனான்.

"நைனா, இன்னாமோ ஒரு ஆசைல பண்ட்டேன். உடு" என்று மறுநாள் வந்து நின்றான். அன்றிலிருந்து வரிசைக்குக் காவல்காரனே அவன்தான். வேறு எவனாவது கேனைத் தொட்டால் போதும், முதல் ஆளாகப் பாய்வான்.

தொண்டை நாலு நாளில் சரியாகிவிட்டது. ஆனால் கத்துவதற்கு விஷயம்தான் இல்லை. ஜன்னல் காலியாக இருந்தது. ஒரு கேன், ஒரு வண்டி, ஒரு டோக்கன். சும்மா இருக்கப் பிடிக்காத மனுஷன், கேட்டில் தனக்கு உதவிக்கு இருந்த ஆளை உள்ளே உட்கார வைத்துவிட்டு, வரிசையில் நிற்கிற வண்டிகளின் நம்பரைச் சரிபார்க்கிறேன் என்று கிளம்பினார். டிரெய்லர் வரிசை முக்கால் கிலோமீட்டர் நிற்கும். காலையில் ஒரு தடவை கடைசி வண்டி வரை போய்த் திரும்புவார், சாயங்காலம் ஒரு தடவை. வழியில் ஒவ்வொரு டிரைவரிடமும் நின்று நாட்டு நடப்பு பேசுவார். நடைப்பயிற்சிக்கென்று தனியாக நேரம் ஒதுக்கச் சொன்னால் ஆயிரம் சாக்குச் சொல்லியிருப்பார். இது வேலை என்பதால் ஒரு நாளும் தவறவில்லை. வேகமாக நடக்க வேண்டும், நின்று நின்று அரட்டை அடித்தால் கணக்கில் வராது என்று டாக்டர் திட்டியதும், போகும்போது நடை, வரும்போது பேச்சு என்று பிரித்துக்கொண்டார்.

வீட்டில் அக்காவின் ராஜ்யம். ஊறுகாய் ஜாடி பக்கத்து வீட்டுக்குப் போனது. அப்பளம், வடகம் எல்லாம் நின்றுபோயின. கருவாடு மாசத்துக்கு ஒரு நாள், அதுவும் மூன்று தண்ணீர் விட்டு அலசி. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரையை அக்காவே உள்ளங்கையில் வைத்து, விழுங்கியாயிற்றா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாராம். ஆடி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். நானும் போயிருந்தேன். கூழுக்குக் கருவாட்டுக் குழம்பு இல்லாமல் அந்தப் பக்கத்தில் யாராவது குடிப்பார்களா? அண்ணன் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்தார். குழம்புப் பாத்திரம் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் மனசு கெட்டுவிடும் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

வியாழக்கிழமைகளில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. நூற்று எழுபது, நூற்று அறுபத்திரண்டு, நூற்று ஐம்பத்துநாலு. அங்கே வந்து நின்றுகொண்டது. இரண்டு வாரம் அசையவே இல்லை. தவணை முடிய நாலு நாள்தான் பாக்கி. மேனேஜர் அந்தப் பேப்பர் அறையைப் பெருக்கிச் சுத்தம் செய்யச் சொல்லிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அதை அண்ணனிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

கடைசிப் பரிசோதனை அன்று துறைமுகத்தில் இரண்டு கப்பல். வரிசை ரோட்டு வளைவைத் தாண்டிப் போயிருந்தது. பதினோரு மணிக்கு டாக்டர் கூப்பிட்டபோது அண்ணன் வரிசையின் கடைசியில் இருந்தார். ஆள் அனுப்பினதும் அங்கிருந்து வேகவேகமாக வந்து, வழியில் ரெண்டு பேருக்குப் பதில் சொல்லி, மூச்சு வாங்க நாற்காலியில் விழுந்தார். டாக்டருக்கும் மேனேஜருக்கும் டீ கொடுக்கப் போன நான் கதவோரமாகவே நின்றுவிட்டேன்.

நூற்று ஐம்பத்தெட்டுக்குத் தொண்ணூற்று நாலு.

மேனேஜர் பேப்பரைப் பார்த்தார். "எழுதிடுங்க டாக்டர்" என்றார். கெட்ட மனுஷர் இல்லை, விதி என்றால் விதி என்கிற ரகம். அண்ணன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுத மாட்டேன்" என்றார் டெபோரா டாக்டர். "ஓடி வந்து உக்காந்தா யாருக்கும் ஏறித்தான் இருக்கும். இதையெல்லாம் கணக்குல எடுக்கவே கூடாது. வேலப்பன், காலைத் தரையில ஊன்றி, முதுகைச் சாய்ச்சு உக்காருங்க. அஞ்சு நிமிஷம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அப்புறம் பாக்கலாம்."

அண்ணன் வாயை மூடினார். அந்த நேரம் பார்த்து வெளியே ஒருவன் ஹாரனை அழுத்தினான். டிரெய்லர் ஹாரன் எப்படி என்று இந்த ரோட்டுக்காரர்களைக் கேட்க வேண்டும், வயிறு அதிரும். அதற்குப் பதில் சொல்வதுபோலப் பின்னால் இரண்டு வண்டி. அண்ணனின் தோள் விறைத்தது. நான் வாசலுக்குப் போய் அஃப்ரித்தைக் கூப்பிட்டேன். "உள்ள பிரஷர் பாக்காவ. இன்னும் அஞ்சு நிமிஷத்துலதான் அண்ணனுக்கு கேட்டா, அந்த ரூமான்னு தெரியும். சத்தம் கூடாது தம்பி" என்றேன்.

அவன் ஓடினான். ஒவ்வொரு வண்டியாகக் கதவைத் தட்டி, வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டு அடுத்த வண்டிக்கு ஓடினான். அவன் போகப் போக ஹாரன் நின்றுகொண்டே போனது. இன்ஜினை ஓடவிட்டிருந்தவர்கள் அணைத்தார்கள். தமிழ் தெரியாதவன்கூட விரலைப் பார்த்துப் புரிந்துகொண்டான். பதினாறு வருஷமாக இந்த ரோட்டில் இருக்கிறேன். அந்த அறையில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் அன்றைக்குத்தான் எனக்குக் கேட்டது. டிரைவர்கள் வண்டியை விட்டு இறங்கி, ஜன்னலுக்கு வராமல், அங்கங்கேயே நின்று இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு மெல்ல நிதானமாகியது.

டாக்டர் பட்டையைச் சுற்றினார். நூற்று முப்பத்தெட்டுக்கு எண்பத்தாறு. ஒரு நிமிஷம் விட்டு மறுபடி பார்த்தார். நூற்று முப்பத்தாறுக்கு எண்பத்துநாலு. "இதுதான் கணக்கு" என்று சொல்லி எழுதினார். "மாத்திரையை நிறுத்தினா மறுபடி நானே வந்து பேப்பர் ரூம்ல போடுவேன்" என்று மிரட்டவும் செய்தார். மேனேஜர் பேப்பரை வாங்கிப் பார்த்து, தலையாட்டிவிட்டு, தன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்தார். "எனக்கும் ஒரு தடவை பாருங்க டாக்டர்" என்றார். அவருக்கு எவ்வளவு வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அடுத்த நாளிலிருந்து அவரும் என்னிடம் உப்பில்லாத மோர்தான் குடிக்கிறார்.

அண்ணன் என் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அதற்குள் அஃப்ரித் சொல்லி, வரிசை முழுக்கச் செய்தி போய்விட்டது. கைதட்டலும் விசிலுமாக ரோடே அமர்க்களப்பட்டது.

"பத்தொம்போது வருஷமா இவனுங்கல்லாம் என் உசுர எடுக்கத்தான் வரானுங்கோன்னு நெனச்சிகினு இருந்தேம்மா" என்றார் அண்ணன். "எனுக்கோசரம் எம்மாந்தூரம் வரைக்கும் கம்முனு நின்னானுங்கோ பாத்தியா?" கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

வீட்டுக்குச் சொல்ல வேண்டும், தன்னால் பேச முடியவில்லை என்று போனை என்னிடம் கொடுத்தார். ஸ்பீக்கரில் போட்டேன். "அக்கா, நூத்தி முப்பத்தாறு. அண்ணனுக்குக் கேட்டு நிலைச்சிருச்சு" என்றேன். அந்தப்பக்கம் தண்ணீர் குழாய் ஒழுகுவதுபோல ஏதோ கேட்டது. அக்கா அழுகிறார் என்று அப்புறம்தான் தெரிந்தது.

"கேட்டு கெடக்குது தங்கச்சி" என்றார் குப்பம்மா அக்கா. "கேட்டு இன்னாத்துக்கு எனுக்கு? கட்டிகினு வந்த நாள்லேர்ந்து முப்பது வருஷமா அந்தாளு போடற சத்தத்த கேட்டுகினு கீறேன். இன்னும் முப்பது வருஷம் கேக்கணும். அதுக்குத்தான் இம்மாம்பாடு."

அண்ணன் தோளில் இருந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.